கிராணி காட்டிக்கொடுக்கப்பட்ட கதை: வாசகர் கேள்வி–பதில்

துப்பறியும் நாவல்களுக்கும் திகில் கதைகளுக்கும் அறிவியல் புனைகதைகளுக்கும் மட்டுமே என்று இணையத்தில் ஒரு மதிப்புரை இதழை கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டிலிருந்து ஒன்பது ஆண்டுகள் நடத்திய அனுபவத்தைச் சென்ற இதழில் ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அதன்பின் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் "நாங்களும் தொடங்கப்போகிறோம்" என்றே ஆரம்பிக்கின்றன. பலர் கேட்டிருந்த ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கி, இங்கே பதில் எழுதுகிறேன்.

அக்கா, நாங்கள் நான்கு நண்பர்கள். இத்தகைய இதழ் ஒன்றைத் தொடங்க இருக்கிறோம். வாரம் ஒருமுறை வெளியிடலாமா, மாதம் ஒருமுறையா? முதலில் எதைச் செய்ய வேண்டும்?
— வாசகர், பட்டர்வொர்த்

மாதம் ஒருமுறை. நான்கு பேர் என்றால், தைப்பூசம், பிள்ளைகளின் தேர்வு, அலுவலக வேலை என்று எப்போதும் ஒருவர் கையில் கிடைக்க மாட்டார். ஆகவே கணக்குக்கு நீங்கள் மூன்று பேர்தான். ஆளுக்கு இரண்டு புத்தகம் என்றால் ஆறு மதிப்புரை. அது ஒரு நேர்மையான இதழ். கொழும்பில் பிறந்து அமெரிக்காவில் வாழும் மேரி ஆன் மோகன்ராஜ் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய அறிவியல் புனைகதை இணைய இதழான 'ஸ்ட்ரேஞ்ச் ஹொரைஸன்ஸ்' வாரந்தோறும் வெளிவருகிறதே என்று நீங்கள் கேட்கலாம். அதன் பின்னால் பெரியதொரு தன்னார்வலர் குழுவும் வாசகர்களிடம் ஆண்டுதோறும் திரட்டும் நன்கொடையும் இருக்கின்றன. மாறாக, செரில் மோர்கன் பெரும்பாலும் தம் சொந்த உழைப்பிலேயே 1995 முதல் 2006 வரை நடத்திய 'எமரால்ட் சிட்டி' மாத இதழ். 2004இல் அதற்கு அறிவியல் புனைகதை உலகின் ஹியூகோ விருதே கிடைத்தது.

முதலில் செய்ய வேண்டியது இணையதள வடிவமைப்பு அல்ல. ஒரு பதிவேட்டைத் திறங்கள். புத்தகத்தின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், எத்தனையாவது பதிப்பு, ஆண்டு, பக்கம், விலை, அது நம் கைக்கு எப்படி வந்தது, யாரிடம் கொடுத்தோம், எப்போது தருவதாகச் சொன்னார் என்பவற்றை ஒரு வரியில் எழுதிவையுங்கள். முதல் இரண்டு ஆண்டுகள் நான் இதைச் செய்யவில்லை. அதன் பலனாக, மறுபதிப்பில் தலைப்பு மாறிவிட்ட ஒரே மாத நாவலுக்கு இரண்டு பேர் இரண்டு மதிப்புரை எழுத, நானும் ஐந்து மாத இடைவெளியில் இரண்டையும் வெளியிட்டேன். ஒன்று ஆகா என்றது, மற்றொன்று குப்பை என்றது. நாவலாசிரியர் இரண்டையும் அச்செடுத்து, "இவற்றுள் எது உங்கள் இதழின் கருத்து?" என்று மிகப் பணிவாகக் கேட்டு அனுப்பியிருந்தார். ஆங்கில அறிவியல் புனைகதைகளுக்கு இப்படித் தலைப்பு மாறிய பதிப்புகளையெல்லாம் இணைத்துக் காட்டும் தரவுத்தளம் ஒன்று 1995 முதலே ஆர்வலர்களால் பேணப்படுகிறது. நம் மாத நாவல்களோ, அடுத்த மாத நாவல் வந்ததும் கடையின் கம்பியிலிருந்து இறங்கி, பழைய தாள் வாங்குபவரிடம் போய்ச் சேருகின்றன. அவை வெளிவந்தன என்பதற்குச் சான்றாகப் பிற்பாடு உங்கள் பதிவேடு மட்டுமே மிஞ்சக்கூடும்.

கதையின் முடிவைச் சொல்லாமல் ஒரு துப்பறியும் நாவலைப் பற்றி என்னதான் எழுத முடியும்? கதைச்சுருக்கத்தைத் தாண்டி என்னால் நகர முடியவில்லை.
— வாசகி, கிள்ளான்

எங்கள் இதழில் நடந்ததையே சொல்கிறேன். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் நடக்கும் கொலை ஒன்றைப் பற்றிய நாவலுக்கு வந்த மதிப்புரையின் மூன்றாவது வாக்கியம் இது (கிராணி என்றால் தோட்டத்து எழுத்தர்): "எல்லாருக்கும் நல்லவராகத் தோன்றும் கிராணியின் பாத்திரம் நேர்த்தியாக வார்க்கப்பட்டிருக்கிறது." நானும் மெய்ப்புப் பார்த்து வெளியிட்டுவிட்டேன். மறுநாள் காலையில் சுங்கை பட்டாணியிலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் அழைத்து, "ஏம்மா, கிராணிதானே கொலைகாரன்? அப்புறம் நான் எதுக்குப் புத்தகம் வாங்கணும்?" என்றார். கொலைகாரன் யார் என்பதற்கான குறிப்பு எதுவும் அந்த மதிப்புரையில் இல்லை என்றுதான் நானும் அதை எழுதியவரும் நம்பியிருந்தோம். 'தோன்றும்' என்ற ஒரு சொல் காட்டிக்கொடுத்துவிட்டது. உண்மையிலேயே நல்லவராக இருப்பவரை யாரும் நல்லவராகத் தோன்றுகிறார் என்று எழுதுவதில்லை அல்லவா?

அன்று முதல் மெய்ப்புப் பார்க்கும்போது இத்தகைய சொற்களைத் தேடியே ஒருமுறை படிப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். தமிழில் இந்த ஆபத்து இன்னும் நுட்பமானது. நம் வினைமுற்றுகளே வாயாடிகள். முடிவைத் தெரிந்துகொண்ட மதிப்புரையாளர், தம்மை அறியாமலேயே மற்றப் பாத்திரங்களை 'அவர் வந்தார்' என்றும் குற்றவாளியை மட்டும் 'அவன் வந்தான்' என்றும் எழுதிவிடுவார். மரியாதை விகுதி எங்கே குறைகிறது என்று பார்த்தாலே போதும், கடைசி அத்தியாயம் தெரிந்துவிடும். 'கொலையாளி தப்பிக்கிறாள்' என்று எழுதினால் சந்தேகப் பட்டியலில் உள்ள ஆண்கள் அனைவரும் விடுதலை. ஆகவே மதிப்புரையில் எல்லாப் பாத்திரங்களுக்கும் ஒரே மரியாதை, கொலை செய்தவர் எப்போதும் 'செய்தவர்' என்பது எங்கள் விதியாயிற்று. 'எதிர்பாராத திருப்பம்' என்ற தொடரையும் தடை செய்தேன். திருப்பம் உண்டு என்று சொல்லிவிட்டால், வாசகர் முதல் பக்கத்திலிருந்தே அதை எதிர்பார்த்து உட்கார்ந்துகொள்கிறார்.

கதைச்சுருக்கத்துக்கு நான் வைத்த எல்லை, புத்தகத்தின் முதல் கால்பகுதி. அதற்குப் பிறகு நடப்பதைச் சொல்லாமல், எழுதப்பட்ட விதத்தைச் சொல்ல வேண்டும். தோட்டத்து லயத்தை, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளை, ஆசிரியர் பார்த்திருக்கிறாரா, காவல் அதிகாரி மலேசியக் காவல் நிலையத்தில் பேசுவதுபோல் பேசுகிறாரா அல்லது சென்னைத் தொலைக்காட்சித் தொடரில் பேசுவதுபோலா, தடயங்கள் துப்பறிபவருக்குக் கிடைக்கும்போதே வாசகருக்கும் கிடைக்கின்றனவா என்ற கேள்விகளுக்கு முடிவைத் தொடாமலே பதில் எழுதலாம். ஆங்கிலத் துப்பறியும் கதாசிரியர் ரொனால்ட் நாக்ஸ் 1929இல் துப்பறியும் கதைகளுக்கு வகுத்த பத்து விதிகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். குற்றவாளி கதையின் தொடக்கப் பகுதியிலேயே தலைகாட்டியிருக்க வேண்டும் என்பது அவற்றுள் முதலாவது. ஆனால் 'இந்நாவல் முதல் விதியை மீறுகிறது' என்று எழுதிவிடாதீர்கள். தொடக்கத்தில் வருபவர்கள் யாரும் குற்றவாளி இல்லை என்று அது அறிவித்துவிடும். 'நாக்ஸின் விதிகளில் இரண்டு மீறப்படுகின்றன' என்பதோடு நிறுத்திக்கொண்டால், விதிகளை அறிந்தவருக்குப் புத்தகத்தின் குறையும் தெரியும், ரகசியமும் காக்கப்படும்.

முடிவைப் பற்றிப் பேசியே தீர வேண்டிய நாவல்களும் உண்டு. அவற்றுக்காகத் தனிப் பகுதி வைத்து, 'படித்தவர்களுக்கு மட்டும்' என்று தலைப்பிட்டோம். அங்கே எதையும் மறைக்கவில்லை. சொல்லப்போனால், இதழின் நல்ல எழுத்து பெரும்பாலும் அங்கேதான் வந்தது.

எழுத்தாளர்கள் இலவசமாகப் புத்தகம் அனுப்புகிறார்கள். சிலர் நண்பர்கள். புத்தகம் மோசமாக இருந்தால் என்ன செய்வது?
— வாசகர், ஈப்போ

நம் ஊர் நூல் வெளியீட்டு விழாக்களில் மதிப்புரை எழுதுபவரும், முதல் நூலைப் பெறுபவரும், நன்றியுரை ஆற்றுபவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து மீகூன் சாப்பிடுகிறவர்கள். நட்பே கூடாது என்றால் இதழே நடத்த முடியாது. மறைக்கக்கூடாது என்பதுதான் முடிந்த காரியம். மதிப்புரையின் அடியில் 'ஆசிரியர் அனுப்பிய பிரதி' அல்லது 'விலைக்கு வாங்கியது' என்று ஒரு வரி போடுங்கள். அமெரிக்க வணிக ஆணையம் 2009 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த தன் வழிகாட்டியில், இலவசமாகப் பொருள் பெற்றுக்கொண்டு அதைப் பற்றி எழுதும் வலைப்பதிவர்கள் அதை வெளிப்படுத்த வேண்டும் என்றது. அது அவர்கள் நாட்டு ஏற்பாடு என்றாலும் வழக்கம் நல்லது. நண்பரின் புத்தகத்தை அவரை அறியாத இன்னொருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

மோசமான புத்தகத்துக்கு மதிப்புரையே போடாமல் விட்டுவிடலாம் என்று சில இதழாசிரியர்கள் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நல்லதை மட்டுமே சொல்லும் இதழை மூன்றாம் மாதத்திலிருந்து யாரும் நம்புவதில்லை. 'சலிப்பூட்டுகிறது', 'தரமற்றது' என்ற அடைமொழிகளை அடித்துவிட்டு, நாவலிலிருந்தே இரண்டு வாக்கியங்களை எடுத்துக் காட்டினால் வாசகர் தாமே முடிவு செய்துகொள்வார். எழுத்தாளரும் உங்களிடம் சண்டைக்கு வர வழியில்லை. எல்லாம் எழுதியவரின் சொந்தப் பெயரில் இருக்கட்டும். 2023இல் அமெரிக்காவில் முதல் நாவல் வெளிவரவிருந்த ஓர் எழுத்தாளர், வாசகர்கள் புத்தகங்களுக்கு நட்சத்திர மதிப்பிடும் குட்ரீட்ஸ் தளத்தில் போலிக் கணக்குகளைத் தொடங்கிச் சக எழுத்தாளர்களின் புத்தகங்களுக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டது வெளியே வந்து, அவருடைய பதிப்பகமே அந்நாவலைக் கைவிட்டது. பெயரில்லாத நட்சத்திரங்களால் வரும் வினை அது.

அட்டைப் படத்தையும் நாவலின் பத்திகளையும் அனுமதியின்றிப் போடலாமா? எதிர்மறையாக எழுதினால் வழக்குப் போடுவார்களா?
— வாசகி, கோலாலம்பூர்

மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, விமர்சனத்துக்காகவும் மதிப்புரைக்காகவும் நியாயமான அளவில் ஒரு படைப்பைப் பயன்படுத்துவதற்கு இடம் தருகிறது. படைப்பின் பெயரையும் ஆசிரியரின் பெயரையும் குறிப்பிட வேண்டும். நியாயமான அளவு எது என்பதற்குச் சட்டத்தில் பக்கக் கணக்கு இல்லை. நான் நான்கைந்து வரிகளைத் தாண்டியதில்லை. அட்டை ஓவியத்தைப் போட்டால் ஓவியரின் பெயரையும் போடுங்கள். அந்த மரியாதையை அவர்களுக்கு யாருமே செய்வதில்லை.

1957ஆம் ஆண்டு அவதூறுச் சட்டத்தைப் பொறுத்தவரை, புத்தகத்தைப் பற்றிய நேர்மையான கருத்து வேறு, எழுத்தாளரின் மீது சுமத்தும் குற்றச்சாட்டு வேறு. 'இந்த அத்தியாயம் இழுபடுகிறது' என்பது கருத்து. 'இவர் திருடி எழுதியவர்' என்பது குற்றச்சாட்டு. இரண்டு பத்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட முடியாதபோது அதை எழுதவே கூடாது. பலர் கவனிக்காத இன்னொன்று 1950ஆம் ஆண்டுச் சான்றுச் சட்டத்தில் 2012இல் சேர்க்கப்பட்ட 114ஏ பிரிவு. இணையத்தில் வெளியான ஒன்றுக்கு, அதன் உரிமையாளராகவோ நிர்வாகியாகவோ ஆசிரியராகவோ பெயர் காட்டப்பட்டிருப்பவர்தாம் வெளியீட்டாளர் என்று, மாறாக நிரூபிக்கப்படும் வரையில், அப்பிரிவு கொள்ளச் சொல்கிறது. வாசகர் கடிதத்தில் வரும் வசவுக்கும் இதழாசிரியராகிய நீங்கள் பதில் சொல்ல நேரிடலாம். உண்மையிலேயே சிக்கல் வந்தால் வழக்கறிஞரைத்தான் பார்க்க வேண்டும், என்னையல்ல.

சென்னையிலிருந்து வரும் நாவல்களுக்குச் சென்னையிலேயே மதிப்புரை எழுதுகிறார்கள். நாம் எழுதி என்ன ஆகப்போகிறது?
— வாசகர், புக்கிட் மெர்த்தாஜாம்

அவர்களால் படிக்க முடியாததை நீங்கள் படிக்கலாமே. திரைப்பட இயக்குநர் அமிர் முகமது 2011இல் தொடங்கிய 'புக்கு ஃபிக்சி' பதிப்பகம் மலாய் மொழியில் குற்றக் கதைகளையும் திகில் கதைகளையும் வரிசையாக வெளியிட்டுவருகிறது. பள்ளியில் மலாய் படித்த நம் பிள்ளைகள் அவற்றை வாங்கிப் படிக்கிறார்கள். அவற்றைப் பற்றித் தமிழில் எழுதத்தான் ஆளில்லை. எங்கள் இதழில் மிக அதிகமாகத் தமிழ்நாட்டிலிருந்து படிக்கப்பட்டவை மலாய் பேய்க்கதைகளுக்கு எழுதிய மதிப்புரைகளே. பொந்தியானாக் (மலாய்க் கதைகளில் வரும் பெண் பேய்) என்றால் என்ன என்று கேட்டு மதுரையிலிருந்தெல்லாம் கடிதம் வந்தது.

இதில் வருமானம் உண்டா?
— வாசகர், சிரம்பான்

இல்லை.

என் தோழி நடத்திய மதிப்புரை இதழ் நின்றுவிட்டது. இப்போது தளமும் திறக்கவில்லை. எழுதியதெல்லாம் போய்விட்டதா?
— வாசகி, ஜார்ஜ் டவுன்

பழைய இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷினில் தளத்தின் பழைய முகவரியை இட்டுப் பாருங்கள். ஓரளவு கிடைக்கும். எழுத்துகள் குழம்பித் தெரிந்தால் பதற வேண்டாம். ஒருங்குறி (யுனிகோட்) பரவுவதற்கு முன்பு, நம் கோலாலம்பூரில் உருவான முரசு அஞ்சல் உட்பட ஒவ்வொரு தமிழ் மென்பொருளும் தனக்கென ஒரு குறியீட்டு முறையை வைத்திருந்தது. பின்னர் 'தஸ்கி' என்ற பொது ஏற்பாடும் வந்தது. அவற்றையெல்லாம் ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. படங்கள் பெரும்பாலும் கிடைக்காது.

இதழை நிறுத்துவதற்கும் ஒரு முறை உண்டு. கீத் புரூக் 1997இல் தொடங்கிய 'இன்ஃபினிட்டி பிளஸ்' என்ற அறிவியல் புனைகதைத் தளம் பத்தாண்டுகளுக்குப் பின் 2007இல், இனிப் புதியவை வராது என்று சொல்லி நிறுத்தப்பட்டது. பழைய பக்கங்கள் அதன் பிறகும் படிக்கத் திறந்தே இருந்தன. நானும் அப்படித்தான் செய்தேன். நிறுத்துவதற்கு முன் மூன்று வாரம் உட்கார்ந்து எல்லா மதிப்புரைகளையும் ஆண்டுவாரியாகப் பிடிஎஃப் ஆக்கி, எழுதியவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். தளத்தின் பெயரைப் புதுப்பிக்கும் கட்டணத்தை ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் நானே கட்டிவருகிறேன். கடவுச்சொல் என் தம்பி மகளிடமும் இருக்கிறது. உங்கள் தோழியிடம் அந்தப் பெயர் காலாவதியான தேதியைக் கேளுங்கள். அண்மையில்தான் என்றால், வேறு யாரும் வாங்குவதற்கு முன் அதைத் திரும்ப எடுத்துவிட வாய்ப்பிருக்கிறது.