ஆய்வுக்கூடக் குரங்குகளும் பதிவேடுகளும்

வணக்கம் ஐயா,

நான் திருகோணமலை உவர்மலையில் வசிக்கும் ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியன். மகள் அமெரிக்காவில் நரம்பியல் ஆராய்ச்சி மாணவி. அவளுடைய பல்கலைக்கழகத்தில் குரங்குகளை வைத்துச் செய்யும் ஆய்வுகளின் விபரங்களைப் பகிரங்கப்படுத்த வேண்டும் என்று சிலர் கையெழுத்துச் சேர்க்கிறார்களாம். அவள் மறுத்துவிட்டாள். விபரம் வெளியானால் ஆய்வாளர்களுக்கு மிரட்டல் வரும், ஆய்வே நின்றுபோகும் என்கிறாள். எனக்கும் அது நியாயமாகவே படுகிறது. கோணேசர் கோயிலில் கையிலிருக்கும் வாழைப்பழத்தைப் பறித்துக்கொண்டு ஓடுகிற பிராணிக்கு இத்தனை கணக்கு வழக்கு எதற்கு? உங்கள் அபிப்பிராயம் என்ன? என் பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் பெயரை விட்டுவிட்டேன். அதனால் கடிதத்தின் விடயம் எதுவும் குறைந்துவிடவில்லை. மகளின் முதல் அச்சத்துக்கு என் பதிலும் ஏறக்குறைய அதுதான்.

அந்த அச்சம் வீணானதில்லை. லொஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் 2006இல் நரம்பியல் ஆய்வாளர் ஒருவர், தனக்கும் குடும்பத்துக்கும் வந்த தொல்லை தாங்காமல் குரங்கு ஆய்வையே கைவிட்டார். 2009இல் அங்கேயே இன்னொருவரின் காரைக் கொளுத்தினார்கள். அது குற்றம்; அதற்கு எந்தக் கொள்கையும் சமாதானம் ஆகாது.

ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பாருங்கள். அனுமதி பெற்ற ஒவ்வொரு விலங்காய்வுக்கும் சாதாரண மக்களுக்குப் புரியும் நடையில் ஒரு சுருக்கத்தை வெளியிட வேண்டும். என்ன நோக்கம், என்ன பலன், விலங்குக்கு என்ன தீங்கு, எந்த இனம், எத்தனை என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆய்வாளரின் பெயரும் முகவரியும் இருக்கக் கூடாது என்பதையும் அதே சட்டமே சொல்லிவிடுகிறது. குரங்கினங்களைப் பயன்படுத்தினால், ஆய்வு முடிந்த பிறகு மறுமதிப்பீடு கட்டாயம்: சொன்ன நோக்கம் நிறைவேறியதா, விலங்குகள் எவ்வளவு துன்பப்பட்டன என்று பார்க்க வேண்டும். எனக்கு இதில் ஒரே குறை, நிறுவனத்தின் பெயரையும் சேர்த்து மறைப்பது. தனி மனிதரைக் காப்பது சரி. பொதுப்பணத்தில் நடக்கும் பல்கலைக்கழகத்துக்கு எதற்கு முக்காடு?

ஒக்ஸ்போர்ட் அப்படி முக்காடு போடவில்லை. 2004இல் அங்கே விலங்காய்வுக்கூடம் கட்டிக்கொண்டிருந்த ஒப்பந்தக்காரர் மிரட்டலுக்குப் பயந்து பாதியில் விலகிக்கொண்டார். கட்டடம் 2008இல்தான் முடிந்தது. அவ்வளவும் பட்ட அந்தப் பல்கலைக்கழகம், இன்று குரங்கு உட்பட எந்த விலங்கில் எத்தனையைப் பயன்படுத்தியது என்று தன் இணையத்தளத்திலேயே போடுகிறது. மகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே நிறுவனங்கள் ஆண்டுதோறும் விவசாயத் திணைக்களத்துக்கு அறிக்கை கொடுக்கின்றன. ஆண்டுக்குச் சுமார் 70 ஆயிரம் குரங்குகள் அதில் வருகின்றன. வலி இல்லாத ஆய்வில் எத்தனை, வலிக்கு மருந்து கொடுத்து எத்தனை, கொடுக்காமல் எத்தனை என்று பிரித்துக் காட்ட வேண்டும். 2017 பெப்ரவரியில் தனியுரிமையைக் காரணம் காட்டி இந்த அறிக்கைகளையும், கூடங்களைப் பார்வையிட்ட அதிகாரிகளின் குறிப்புகளையும் திணைக்களம் இணையத்திலிருந்து எடுத்துவிட்டது. நாடாளுமன்றம் சட்டம் போட்ட பிறகு 2020இல்தான் அவை முழுமையாகத் திரும்பி வந்தன. அரச பல்கலைக்கழகம் என்றால் மாநிலத் தகவல் சட்டத்தின்கீழ் மேலும் கேட்கலாம். தனியார் பல்கலைக்கழகம் என்றால், அதே அரசாங்கப் பணத்தில் அதே மாதிரி ஆய்வைச் செய்தாலும், அந்த வழி பெரும்பாலும் அடைப்பு. உங்கள் மகளின் பல்கலைக்கழகம் எந்த வகை என்று நீங்கள் எழுதவில்லை.

ஆய்வு நின்றுபோகும் என்கிறாள். சில நின்றுபோகும், உண்மைதான். சிம்பன்சிகளை வைத்துச் செய்யும் ஆய்வு தேவைதானா என்று அமெரிக்காவில் ஒரு நிபுணர் குழு வெளிப்படையாக ஆராய்ந்தது. பெரும்பாலானவை அவசியமற்றவை என்று 2011இல் முடிவு சொன்னது. 2015இல் தேசிய சுகாதார நிறுவனங்கள் அந்த ஆய்வுகளுக்கு முடிவு கட்டின. நான் விலங்காய்வுக்கு எதிரி அல்லன். பார்கின்சன் நோயாளியின் நடுக்கத்தைக் குறைக்க மூளையில் மின்முனையை எங்கே பொருத்துவது என்பதற்கு வழிகாட்டியவை குரங்கு ஆய்வுகளே. அப்படிப்பட்ட ஆய்வு, கேள்வி கேட்டவுடன் சாய்ந்துவிடாது.

வாழைப்பழக் கள்ளனுக்குக் கணக்கு எதற்கு என்கிறீர்கள். பயிரை இழந்த விவசாயியின் கோபம் எனக்குப் புரியாததல்ல. 2023இல் அந்தக் கோபத்தைக் காட்டித்தான், நம் தீவில் மட்டுமே வாழும் டோக் மக்காக் குரங்குகளில் ஒரு இலட்சத்தைச் சீனாவுக்கு அனுப்பலாம் என்று அப்போதைய விவசாய அமைச்சர் பேசினார். மிருகக்காட்சிச்சாலைகளுக்கு என்றார்கள். ஒரு இலட்சம் குரங்கை எந்தக் காட்சிச்சாலை வாங்கும், ஆய்வுக்கூடத்துக்கா என்று சூழலியலாளர்கள் கேட்டபோது, யாருக்கு, எதற்கு என்று தெளிவாகச் சொல்லும் ஒரு கடதாசியையும் மக்கள் பார்க்கவில்லை. விடயம் மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. அந்த ஜூனில், ஏற்றுமதி இல்லை என்று அரசு அங்கே உறுதி கொடுத்தது. குரங்கைப் பிடிக்காதவருக்கும் அந்தக் கடதாசியைப் பார்க்கும் உரிமை இருந்தது.

நம்மிடம் உள்ள மிருகவதைச் சட்டம் 1907இல் வந்தது. அதில் குற்றப்பணம் அதிகபட்சம் நூறு ரூபாய். அதை நம்பிப் பயனில்லை. ஆனால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பல்கலைக்கழகங்களையும் உள்ளடக்குகிறது, தனியார் பல்கலைக்கழகங்கள் உட்பட. இந்த ஒரு விடயத்தில் அமெரிக்கர்கள் நம்மிடம் கற்கலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம். கடைசியில் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு இருக்கிறது.

நீங்கள் விஞ்ஞான ஆசிரியர். சரியான கேள்வி எழுதத் தெரிந்தவர். நாட்டிலுள்ள ஏதாவது ஒரு மருத்துவ பீடத்துக்குத் தமிழில் எழுதிக் கேளுங்கள். கடந்த ஆண்டு எந்த விலங்குகளை, எத்தனை பயன்படுத்தினீர்கள்? ஆய்வு விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் ஒழுக்கநெறிக் குழுவில் பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருந்து யார் உட்கார்ந்திருக்கிறார்? எத்தனை விண்ணப்பங்களை அந்தக் குழு திருப்பி அனுப்பியது? கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். மகளும் தன் பல்கலைக்கழகத்தில் அதே மூன்றையும் கேட்கலாம், அதற்குக் கையெழுத்து இயக்கத்தில் சேர வேண்டியதில்லை. யாருக்கு முதலில் பதில் வருகிறது என்று எழுதுங்கள்.