கொண்டோ வீட்டுக்குத் தனிக் காப்புறுதி தேவையா?

சிங்கப்பூரின் செங்காங்கில் கொண்டோ (தனியார் அடுக்குமாடி வீடு) வாங்கியிருக்கும் வாசகி ஒருவர் கேட்கிறார்: "பராமரிப்புக் கட்டணத்திலேயே கட்டடக் காப்புறுதி அடங்கிவிட்டது என்கிறார்கள். குடும்பத்துக்குத் தெரிந்த முகவரோ தனியாக ஒன்று எடுக்கச் சொல்கிறார். அவசியமா?"

அவசியம்தான். கொண்டோவின் நிர்வாகக் கழகம் (எம்சிஎஸ்டி) கட்டடத்துக்குக் காப்புறுதி எடுத்தாக வேண்டும் என்பது சட்டம். ஆனால் அது பொதுவாக மேம்பாட்டாளர் கட்டிக் கொடுத்த அமைப்போடு நின்றுவிடும். நீங்கள் பிறகு போட்ட சமையலறை அலமாரி, மரத்தரை, சோஃபா, நகை எதற்கும் அதிலிருந்து பணம் வராது. வங்கி கேட்கும் தீக் காப்புறுதியும் முதலில் வங்கியின் கடனுக்குத்தான் பாதுகாப்பு.

கொண்டோவில் தீயைவிட நான் அதிகம் அஞ்சுவது தண்ணீரை. கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் கசிந்தால், கோளாறு மேல்வீட்டில்தான் என்று சிங்கப்பூர்ச் சட்டம் முதலில் கருதும். இல்லையென்று காட்டுவது மேல்வீட்டுக்காரரான உங்கள் பொறுப்பு. ஆகவே முகவரிடம் முதலில் மூன்றாம் தரப்புப் பொறுப்புக்கு, அதாவது உங்களால் பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கு, எவ்வளவு தொகை என்று கேளுங்கள். குழாய் திடீரென வெடித்தால் பெரும்பாலான திட்டங்கள் இழப்பீடு தரும். குளியலறைத் தரையடியில் மெல்ல மெல்லக் கசிந்த நீருக்குப் பல திட்டங்கள் தருவதில்லை. அந்த விலக்குப் பத்தியை அவர் முன்னிலையிலேயே வாசித்துப் பாருங்கள்.

சந்தா குறையட்டும் என்று தொகையைக் குறைத்துப் போடாதீர்கள். குறைத்துக் காப்புறுதி செய்த அதே விகிதத்தில் இழப்பீட்டையும் குறைக்கும் 'விகித விதி' உள்ள திட்டத்தில், 80,000 வெள்ளிப் புதுப்பிப்பு வேலையை 40,000 வெள்ளிக்குக் காப்புறுதி செய்திருந்தால், 20,000 வெள்ளிச் சேதத்துக்கு 10,000 வெள்ளிதான் கிடைக்கும். காப்புறுதித் தொகை வரை சேதத்தை முழுதாக ஈடுகட்டும் 'முதல் இழப்பு' முறையில் இந்த வெட்டு இல்லை. உங்கள் திட்டம் எந்த வகை என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள். வாய்வார்த்தை இழப்பீடு கோரும்போது உதவாது.

அறையை வாடகைக்கு விடுவதையோ, ஊருக்குப் போய் வீட்டை நீண்ட நாள் பூட்டி வைப்பதையோ மறைக்க வேண்டாம். இரண்டுமே இழப்பீட்டைப் பாதிக்கக்கூடும்.

தெரிந்தவரே ஆனாலும், அவர் எந்த நிறுவனங்களுக்கு முகவர், பதிவு செய்தவர்தானா என்று பார்த்துவிடுங்கள். உறவுக்காகக் கேட்காமல் விட வேண்டிய கேள்வி அல்ல இது. நல்ல முகவர் முகம் சுளிக்கமாட்டார். கையெழுத்திடும் முன் நிர்வாக அலுவலகத்தில் கட்டடக் காப்புறுதி ஆவணத்தையும் கேட்டுப் பாருங்கள். அதில் எது இல்லையோ அதற்குத்தான் முகவரிடம் பணம் கட்ட வேண்டும்.