டாம் ஆஃப் ஃபின்லாந்து வரைந்தவை கலையா, வெறும் ஆபாசமா? அவருக்கு ஒரு நாடு ஏன் தபால்தலை வெளியிட்டது?

அந்தத் தபால்தலைப் படம் எங்கோ கண்ணில் பட்டுத்தான் இதைக் கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தொப்பி, மீசை, ஒரு வெற்றுப் பின்புறம், கூடவே நாட்டின் பெயர். அஞ்சல் துறை இப்படியும் செய்யுமா என்று யாருக்கும் தோன்றும். அதில் தப்பில்லை. ஆனால் கேள்வியின் கீழே, "விளம்பரக் கம்பெனியில் படம் போட்டவர்தானே, அவரை எப்படி ஓவியர் என்பது?" என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. நானும் விளம்பரக் கம்பெனியில் படம் போட்டுப் பிழைத்தவன்.

முதலில் ஆளைப் பற்றி. உண்மைப் பெயர் டௌகோ லாக்சோனென். 1920-இல் ஃபின்லாந்தின் துர்க்கு நகரை ஒட்டிய காரினாவில் பிறந்தார். அப்பா, அம்மா இருவரும் பள்ளி ஆசிரியர்கள். விளம்பரக் கலை படிக்க 1939-இல் ஹெல்சின்கிக்குப் போனார். போர் வந்தது, விமான எதிர்ப்புப் படையில் அதிகாரியானார். போர் முடிந்தபின் சிபேலியஸ் அகாதெமியில் பியானோ படித்தார். பகலில் விளம்பர வேலை. மெக்கான் எரிக்சனின் ஹெல்சின்கி அலுவலகத்தில் ஆர்ட் டைரக்டர் பதவி வரை போனவர். இரவில் கதவைச் சாத்திக்கொண்டு தனக்கு வேண்டியதை, அதாவது ஆண்களை விரும்பும் ஆண்களை, வரைந்தார்.

அந்தப் படங்களில் சிலவற்றை 1956-இல் லாஸ் ஏஞ்சலஸில் இருந்த 'ஃபிசிக் பிக்டோரியல்' பத்திரிகைக்கு அனுப்பினார். மேலுக்கு உடற்பயிற்சிப் பத்திரிகை. வாங்கியவர்களுக்கு எதற்காக வாங்குகிறோம் என்று தெரியும். 1957 வசந்த இதழின் அட்டையில் அவர் படம் வந்தது: ஆற்றில் மரக்கட்டைகளை மிதக்கவிட்டு ஓட்டிச் செல்லும் கூலித் தொழிலாளி. அவர் கையெழுத்தாகப் போட்டது 'டாம்' மட்டும்தான். 'ஆஃப் ஃபின்லாந்து' ஆசிரியர் பாப் மைசர் ஒட்டியது.

இனி என் கதை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குத் தோல் பளபளப்பு வராது. ஷூ விளம்பரத்துக்கு எத்தனை முறை போட்டாலும் கரி பூசிய கட்டை மாதிரிதான் நிற்கும். எங்கள் சீனியர் ஒருவர், நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன், ஒருநாள் எல்லாரும் சாப்பிடப் போனபின் மேஜை டிராயரிலிருந்து செய்தித்தாள் அட்டை போட்ட ஒரு புத்தகத்தை எடுத்தார். உள்ளே டாமின் படங்கள். "பூட்ஸை எப்படிப் போட்டிருக்கான்னு மட்டும் பாருடா. மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். மற்றதையும் அப்போதே பார்த்துவிட்டேன் என்பது வேறு விஷயம். ஆனால் பூட்ஸையும் பார்த்தேன். பென்சில்தான். மென்மையான அடுக்கின் மேல் இன்னொரு அடுக்கு, அதன் மேல் இன்னொன்று என்று கறுப்பை மெதுவாக ஏற்றியிருக்கிறார். ஒளி விழும் இடத்தில் வெள்ளை எதையும் பூசவில்லை. தாளை அப்படியே விட்டிருக்கிறார். முழங்காலுக்குப் பின்னால் தோல் மடியும் இடத்தில் அந்த வெள்ளை நூலிழை அளவுக்கு ஒடுங்கி, கெண்டைக்காலில் மறுபடி அகலமாகிறது. அந்த ஒரு இடத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் தோல் போடக் கற்றுக்கொண்டேன்.

பிற்பாடு படித்தபோது இன்னொன்று தெரிந்தது. பத்திரிகைகளிலிருந்து ஆண்களின் படங்களை வெட்டி ஒட்டி, ரெஃபரன்ஸுக்கென்றே ஆல்பம் ஆல்பமாகச் சேர்த்து வைத்திருந்தவர் அவர். தானே புகைப்படமும் எடுத்துக்கொள்வார். எங்கள் தொழிலில் எல்லோரிடமும் அப்படி ஒரு ஃபைல் இருக்கும். கை, காது, காலர் மடிப்பு என்று கிடைத்ததையெல்லாம் வெட்டி வைப்போம். விற்க வேண்டிய பொருளைப் பார்த்தவுடன் ஆசை வரும்படி வரைவதுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்படும் வித்தை. மனிதர் அதே வித்தையைச் சட்டம் குற்றம் என்று சொன்ன ஓர் ஆசைக்குப் பயன்படுத்தினார். விளம்பர ஓவியர் என்று அவரைத் தள்ளிவைப்பவர்கள், அந்தப் படங்கள் இவ்வளவு நன்றாக இருப்பதன் காரணத்தையே தள்ளிவைக்கிறார்கள் என்பது என் கட்சி.

கொஞ்ச காலம் கழித்து ஒரு பனியன் கம்பெனியின் பெட்டிக்கு படம் போடும் வேலை வந்தது. கற்ற வித்தையை எல்லாம் இறக்கினேன். அகன்ற தோள், இடுப்பில் ஒரு கை, நேரே பார்த்து லேசான சிரிப்பு. முதலாளி வெகுநேரம் பார்த்தார். உடம்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "இவன் ஏன் சார் சிரிக்கிறான்? நாம பாக்கறது அவனுக்குத் தெரிஞ்ச மாதிரி இருக்கு" என்றார். அதே ஆள், அதே வாரம், பெண்கள் உள்ளாடைப் பெட்டிக்கு "இன்னும் கொஞ்சம் சிரிக்க வையுங்க, கண்ணுல ஒரு இது வேணும்" என்று சொல்லி அனுப்பியவர்.

அவர் சொன்னதைவிட நல்ல விமர்சனம் டாமைப் பற்றி நான் எங்கும் படித்ததில்லை. டாமின் ஆண்கள் பார்க்கப்படுவது தெரிந்து சிரிக்கிறார்கள். அந்தக் காலத்தில் தன்பாலீர்ப்புள்ள ஆண் என்றால் கேலிப் பாத்திரம், இல்லாவிட்டால் நோயாளி, இல்லாவிட்டால் கைதி. இவரோ மரம் வெட்டுபவர், மாலுமி, போலீஸ்காரர் என்று ஊரே ஆண்மைக்கு உதாரணம் காட்டும் ஆட்களை எடுத்து, அவர்கள் ஒருவரை ஒருவர் விரும்புவதாகவும் அதில் சந்தோஷமாக இருப்பதாகவும் வரைந்தார். சந்தோஷமாக இருந்தே ஆக வேண்டும் என்பதில் பிடிவாதம் அவருக்கு. வெளிநாடுகளில் தோல் சட்டை, பூட்ஸ், தொப்பி என்று ஒரு கூட்டமே அந்தப் படங்களைப் பார்த்து உடுத்தக் கற்றுக்கொண்டது.

"நீயும் அப்படியா?" என்று கேட்கத் தயாராக இருப்பவர்களுக்கு: அது என் சொந்த விஷயம். நாயைப் பற்றி எழுதினால் யாரும் இப்படிக் கேட்பதில்லை.

அவரைப் புனிதராக்கவும் நான் வரவில்லை. போர்க்காலத்தில் ஃபின்லாந்தில் ஜெர்மன் படை இருந்தது. அந்தச் சீருடைகளின் தாக்கம் அவரது சில படங்களில் பச்சையாகவே தெரியும். நாஜிக் கொள்கை தனக்கு வெறுப்பானது என்று அவர் பின்னால் சொன்னார். அந்தப் படங்களையும் கைவிட்டார். இருந்தும் அவற்றைப் பார்க்கையில் எனக்கு ஒவ்வவில்லை. சீருடையைச் சீருடையாக மட்டும் பார் என்று சொல்பவர்களோடு ஒத்துப்போக என்னால் முடியாது. எல்லோருக்கும் ஒரே மாதிரி தோள், ஒரே மாதிரி தாடை என்ற குறையும் சரியான குறைதான். ஒல்லியானவனுக்கு அந்த உலகத்தில் இடம் குறைவு. இதையெல்லாம் சொல்லவில்லை என்று சண்டைக்கு வராதீர்கள், சொல்லிவிட்டேன்.

தபால்தலை விஷயத்துக்கு வருகிறேன். ஃபின்லாந்தில் ஆணும் ஆணும் சேர்வது 1971 வரை குற்றம். 1981 வரை அது நோய்ப் பட்டியலில் இருந்தது. குற்றம் என்ற பிரிவை எடுத்தபோதே, அதைப் பொதுவில் 'ஊக்குவிப்பது' குற்றம் என்று புதிதாக ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். அது 1999-இல்தான் போனது. டாம் இறந்தது 1991 நவம்பரில். அதாவது அவர் சாகும்வரை அந்தப் பிரிவு சட்டப் புத்தகத்தில் இருந்தது. அது நீங்கிப் பதினைந்தே ஆண்டுகளில், 2014 செப்டம்பரில், அதே நாட்டு அஞ்சல் துறை அவர் படத்தை ஒட்டி உலகெங்கும் கடிதம் அனுப்புகிறது. 178 நாடுகளிலிருந்து முன்பதிவு வந்ததாம். மன்னிப்புக் கேட்க அரசுகளுக்கு நா எழாது, தபால்தலை அடிப்பார்கள். ஏற்றுமதியாகும் பெயர் என்ற கணக்கும் அதில் இருந்திருக்கும். அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் அவர் வாழ்ந்தபோது என்ன கிடைத்தது? 1973-இல் வேலையை விட்டார். அதே ஆண்டு ஹாம்பர்கில் முதல் கண்காட்சி. ஒன்றே ஒன்று தவிர மற்ற படங்கள் அத்தனையும் திருட்டுப் போயின. திருட்டு அச்சில் அவர் படங்களை விற்றுச் சம்பாதித்தவர்கள் தனி. 1978-இல் அமெரிக்கா போன பிறகுதான், டர்க் டெனர் என்ற நண்பர் துணையோடு உரிமைகளை ஒழுங்குபடுத்த முடிந்தது. 1984-இல் அறக்கட்டளை தொடங்கினார்கள்.

படம் போடுபவனுக்கு இது எங்கும் உள்ள விதி போலிருக்கிறது. என் பனியன்காரனை அந்த முதலாளி வேண்டாம் என்றாரே, பிறகு கடையில் பெட்டியைப் பார்க்கிறேன், அதே தோள், அதே கை! வாயை மட்டும் வேறு யாரையோ வைத்து மூடியிருக்கிறார்கள். என் பெயர் எங்கும் இல்லை, காசும் வரவில்லை. கேட்கப் போனால், "அது வேற படம் தம்பி" என்றார் மேனேஜர். நான் போட்ட கோடு எனக்குத் தெரியாதா? எழுத்தாளன் ஒரு வரி எழுதினாலும் பெயர் போடுகிறார்கள். அட்டைப் படம் போட்டவன் பெயர் உள்ளே மூன்றாம் பக்கத்தில் எறும்பு அளவில்கூட வருவதில்லை. இப்போது கணினியே வரைகிறதாம். அது யாருடைய ரெஃபரன்ஸ் ஃபைலை விழுங்கி வளர்ந்தது என்று கேட்க ஆளில்லை. சரி, இது வேறு வழக்கு.

கலையா இல்லையா என்று இன்னும் சந்தேகம் இருந்தால், நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் அவர் படங்களைத் தன் சேகரிப்பில் வைத்திருக்கிறது. ஹெல்சின்கியின் கியாஸ்மா கலை அருங்காட்சியகத்தில் 2023-இல் பெரிய கண்காட்சி நடந்தது. எனக்கு அந்தச் சான்றிதழ்கள் தேவைப்படவில்லை. ஆபாசமா என்றால், ஆமாம், ஆபாசமும்தான். பார்ப்பவனுக்கு கிளர்ச்சி வர வேண்டும் என்றே வரைந்தார், அதை அவர் ஒருபோதும் மறைத்ததில்லை. பார்ப்பதானால் எழுபதுகளின் பென்சில் படங்களிலிருந்து தொடங்குங்கள். நல்ல அச்சில் பாருங்கள். கைப்பேசித் திரையில் அந்தக் கறுப்பின் அடுக்குகள் தெரியாது. அலுவலகக் கணினியில் தேட வேண்டாம்.