பிபி சரியாக இருந்தாலும் ஷாக் வருமா? ரத்த இழப்பு பற்றிய வாசகர் கேள்விகள்

பைக்கில் விழுந்த என் தம்பிக்கு கேஷுவாலிட்டியில் பிபி 120/80 இருந்தது. ஒரு மணி நேரத்தில் ஐசியூ. மண்ணீரலில் ரத்தக்கசிவாம். முதலில் பார்த்தவர்கள் கோட்டை விட்டுவிட்டார்களா?

பிபியை மட்டும் வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது. உறுப்புகளுக்குப் போதிய ரத்தம் போய்ச் சேராத நிலையைத்தான் ஷாக் என்கிறோம். பிபி சரியாக இருக்கும்போதே அது தொடங்கிவிடலாம். 70 கிலோ எடையுள்ளவருக்கு சுமார் 5 லிட்டர் ரத்தம் இருக்கும். அதில் ஒன்றரை லிட்டர் போகும் வரைகூட மேல் பிபி (120/80-ல் அந்த 120) இறங்காமல் இருக்கலாம். தோலுக்கும் குடலுக்கும் போகும் குழாய்களைச் சுருக்கி, இதயத்தை வேகமாக அடிக்கவைத்து, மூளைக்கு ரத்தத்தைத் திருப்பிவிடும் உடல். இளவயதுக்காரர்களின் உடல் இதில் படு கெட்டி. வெகுநேரம் தாக்குப்பிடித்துவிட்டுச் சட்டென்று சரியும்.

அதனால் நாங்கள் முதலில் பார்ப்பது நாடி, சில்லிட்ட கைகள், வியர்வை, காரணமில்லாத பதற்றம். நாடித்துடிப்பு மேல் பிபி எண்ணைத் தொட்டுவிட்டால், பிபி எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு வயிற்றைக் கலக்கும். அட்டெனலால், மெட்டோபிரோலால் போன்ற பிபி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு நாடி ஏறாமல் ஏமாற்றும். மாத்திரை விவரத்தை மறக்காமல் சொல்லுங்கள்.

ஹீமோகுளோபின் 13 இருக்கிறது. ஆனாலும் ரத்தம் ஏற்ற வேண்டும் என்கிறார்கள். பணம் பிடுங்கப் பார்க்கிறார்களோ?

அந்த எண்ணை வைத்துச் சந்தேகப்பட வேண்டாம். அது ரத்தத்தின் அடர்த்தியைச் சொல்லும், அளவைச் சொல்லாது. பாதிக் குடம் மோரைக் கொட்டினாலும் மிச்ச மோர் அதே கெட்டியில்தான் இருக்கும். திசுக்களிலிருந்து நீர் குழாய்க்குள் வந்த பிறகு, அல்லது சலைன் ஏற்றிய பிறகுதான் எண் இறங்கும்.

ரத்தம் கிடைக்கும் வரை சலைனை நிறைய ஏற்றினால் போதாதா?

ஒருகாலத்தில் அதுதான் வழக்கம். ஆனால் சலைன் ஆக்சிஜனைச் சுமக்காது. உறையவைக்கும் பொருள்களை நீர்க்கச் செய்யும், உடலைக் குளிரவைக்கும். குளிர்ந்த உடலில் ரத்தம் சரியாக உறையாது, கசிவு கூடும். அதனால் இப்போது சலைனை அளவாகக் கொடுத்து, சிவப்பணுக்கள், பிளாஸ்மா, தட்டணுக்கள் மூன்றையும் சேர்த்து ஏற்றுகிறோம். எதை ஏற்றினாலும், ஓட்டையை அடைக்காவிட்டால் பயனில்லை.

டிரானெக்சாமிக் அமிலம் என்ற விலை மலிவான ஊசியும் உண்டு. அடிபட்ட 20,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த கிராஷ்-2 ஆய்வு, அது உயிரிழப்பைக் குறைப்பதாக 2010-ல் காட்டியது. 3 மணி நேரத்துக்குள் போட வேண்டும். தாண்டினால் கெடுதலாகவும் முடியலாம்.

விபத்தில் அடிபட்டவருக்கு சோடா கொடுக்கலாமா?

ஒரு வாய் தண்ணீர்கூட வேண்டாம். ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுக்கும்போது வாந்தி நுரையீரலுக்குள் போய்விடலாம். காயத்தில் காபித்தூள், மஞ்சள் அப்புவதும் வேண்டாம்.

108-ஐக் கூப்பிட்டுவிட்டு, துண்டோ துப்பட்டாவோ வைத்து இரண்டு கைகளாலும் அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று நொடிக்கொரு தரம் எடுத்துப் பார்க்காதீர்கள். நனைந்தால் மேலே இன்னொரு துணி வைத்து இன்னும் பலமாக அழுத்துங்கள். குத்தி நிற்கும் கம்பியைப் பிடுங்காதீர்கள். கை காலில் பீறிட்டு, அழுத்தியும் நிற்கவில்லையா? காயத்துக்கு நாலு விரற்கடை மேலே, மூட்டைத் தவிர்த்து, அகலத் துணியால் கட்டி, குச்சி செருகி முறுக்குங்கள். நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரி போகும் வரை தளர்த்தக் கூடாது. அப்புறம், சித்திரை வெயிலாக இருந்தாலும் போர்த்திவிடுங்கள்.

மாதவிடாய் இரண்டு வாரம் தள்ளிப்போயிருக்கிறது. திடீரென்று அடிவயிற்றில் வலி, எழுந்தால் கண் இருட்டுகிறது. தோளும் வலிக்கிறது. அல்சரா?

எழுதியவரை உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே: கரு, கருக்குழாயில் தங்கி வெடித்திருக்கலாம். ரத்தம் வயிற்றுக்குள்ளேயே தேங்கும். வெளியே சொட்டுக்கூடத் தெரியாமல் போகலாம். அது, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை உறுத்துவதால்தான் தோள் வலி. ஓமத் தண்ணீர் குடித்துப் பார்க்கிற வேலையெல்லாம் வேண்டாம். ஸ்கேனும் அறுவை சிகிச்சையும் உள்ள இடத்துக்கு, படுத்தபடியே, துணையோடு போக வேண்டும். ஸ்கூட்டரைத் தானே ஓட்டிக்கொண்டு போகக் கூடாது.