அம்மா ‘அதே இயேசுதானா?’ என்று கேட்டால்

“ஆமாம், அதே இயேசுதான்” என்று முதலில் சொல்லிவிடுங்கள். வில்லியனூர் மாதா கோயிலுக்குப் போய் வளர்ந்த நீங்கள் மார்மன் ஆனதிலிருந்து, அதாவது நம் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில் சேர்ந்ததிலிருந்து, அம்மா இந்த ஒன்றையே கேட்கிறார் என்கிறீர்கள். நீங்களோ 1830இல் வெளிவந்த, பைபிளோடு நாம் வேதமாக ஏற்கும் மார்மன் நூலிலிருந்து ஆரம்பிக்கிறீர்கள். சிக்கல் அங்கேதான் என்று நினைக்கிறேன். பைபிளை விட்டுவிட்டதாகத்தான் அவருக்குப் படும். பைபிளும் நமக்கு வேதம்தான் என்று சொல்லிவிட்டு, அப்புறம் மார்மன் நூலுக்கு வாருங்கள்.

வித்தியாசத்தை மட்டும் மறைக்காதீர்கள். கத்தோலிக்கருக்குத் தந்தை, மகன், தூய ஆவி மூவரும் ஒரே கடவுள். நாம் நம்புவது, நோக்கத்தில் ஒன்றான தனித்தனி மூவரை. 2001இல் வத்திக்கான் நம் ஞானஸ்நானம் செல்லாது என்றதற்கும் இதுவே முக்கியக் காரணம். ஆகவே அம்மாவின் பயம் வீம்பு இல்லை.

ஒன்று செய்து பாருங்கள். ‘இதுதான் உண்மை’ என்பதற்குப் பதில், ‘ஜெபித்துக் கேட்டேன், எனக்கு இப்படித் தெளிந்தது’ என்று சொல்லிப் பாருங்கள். கடலூரில் என் அக்காவிடம் நான் வாதாடிய வரை அவர் காதிலேயே வாங்கவில்லை. இப்படிச் சொன்ன அன்றுதான் உட்கார்ந்து கேட்டார்.

இதனால் அம்மா சம்மதித்துவிடுவார் என்று எண்ண வேண்டாம். என் அக்கா இன்னும் சம்மதிக்கவில்லை. ஞாயிறு பூசைக்குக் கொண்டுவிடச் சொன்னால், மறுக்காமல் வண்டியை எடுங்கள்.