கொடுக்கும் கை அத்தையுடையதாக இருக்கட்டும்

கேள்வி: கும்பகோணத்தில் எங்கள் வீடு, மாமனார் 1979-ல் கட்டியது. அவர் காலமாகி ஆறு வருஷம் ஆகிறது. கணவர் ரிட்டயர் ஆகிவிட்டார். புனேயில் இருக்கும் மகனோடு போய் இருந்துவிடலாம் என்று முடிவு செய்து, வீட்டை விற்க அட்வான்ஸும் வாங்கியாயிற்று. ஆவணி கடைசிக்குள் காலி செய்து கொடுக்க வேண்டும். மகனுடையது ஒன்பதாவது மாடியில் இரண்டு படுக்கையறை ஃபிளாட். இங்கேயோ பரண், மச்சு, கொல்லை அறை என்று நாற்பத்தைந்து வருஷச் சாமான். ‘பழைய பாத்திரக்காரனைக் கூப்பிட்டு ஒரே நாளில் முடி’ என்கிறார் கணவர். 81 வயது மாமியார் ஒரு கரண்டியை எடுத்தாலே அழுகிறார். சென்னையில் இருக்கும் நாத்தனார், ‘அம்மா பாத்திரத்தில் எனக்கும் பங்கு உண்டு’ என்கிறார். நடுவில் நான். எங்கே ஆரம்பிப்பது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கும்பகோணம்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

உங்கள் மாமியார் கரண்டிக்காக அழவில்லை. கணவர் கட்டிய வீடு போகிறது, தெரு போகிறது, வாசலில் நின்று பேச ஆள் இருந்த ஊர் போகிறது. இதில் எதையும் அவர் தடுக்கவில்லை. கையில் மிச்சம் இருப்பது சாமான்கள் மட்டும்தான். அதையும் அவரைக் கேட்காமல் எடுத்தால் அழத்தான் செய்வார். அவர் புழங்கிய எந்தப் பொருளும் அவர் முதுகுக்குப் பின்னால் வீட்டை விட்டுப் போகக் கூடாது. இன்னாருக்கு இது என்று அவர் சொல்லி, முடிந்தால் அவர் கையாலேயே கொடுக்கட்டும். 81 வயதுக்காரர் தன் பொருளைத் தானே கொடுப்பதும், பிள்ளை எடைக்குப் போடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் ஒன்றல்ல. கணவரின் ஒரு நாள் திட்டத்துக்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

ஆனால் அவருடைய பொருளில் ஆரம்பிக்காதீர்கள். ஆடியில் யாரும் வீடு மாறுவதில்லை. அந்த மாதத்தை முழுக்கப் பிரித்து வைக்கவே வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் யாருடைய மனமும் ஒட்டாத இடங்கள்: கொல்லை அறை, பாத்ரூம் மேல் பரண், மாடிப்படிக்கு அடியில். உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி, ஓடாத மிக்ஸி, மூடி இல்லாத டப்பா, தேதி தாண்டிய மருந்து, காலி பெயின்ட் டின் என்று போனாலே பாதி மூச்சு வரும். பழைய மருந்தை மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள். பூஜை அறையும் மாமியாரின் டிரங்குப் பெட்டியும் கடைசியில்தான். பெட்டியை அவரே திறக்கட்டும்.

அதற்குள் மகனுக்கு ஒரு வேலை கொடுங்கள். டேப்பை எடுத்து ஒவ்வொரு சுவரின் நீளம், அலமாரியின் ஆழம், வாசற்கதவின் அகலம், லிஃப்டின் உள்ளளவு எல்லாவற்றையும் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். சாமான் ஏற்றி இறக்க அந்தக் குடியிருப்பில் எந்த நேரம் அனுமதி, லாரி உள்ளே வருமா என்பதையும் அவன் கேட்டு வைக்க வேண்டும். அடுப்பு கேஸா, இண்டக்‌ஷனா? இது சின்னக் கேள்வி இல்லை. பித்தளை, செம்பு, வெண்கலம், ஈயச்சொம்பு, கல்சட்டி எதுவும் இண்டக்‌ஷனில் சூடேறாது. எவர்சில்வரிலேயே அடியில் காந்தம் ஒட்டுவதுதான் வேலை செய்யும். ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தப் பொம்மையை எடுத்து ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் வைத்துப் பாருங்கள், அரை மணி நேர வேலை. கேஸ் இருந்தால் வெண்கலப் பானை ஒன்றும் ஈயச்சொம்பும் கட்டாயம் போகட்டும். புனேயில் அத்தை கையால் ரசம் வைக்க அது வேண்டும். வெறும் ஈயச்சொம்பை அடுப்பில் வைத்தால் உருகிவிடும் என்று மருமகளோ மகனோ, சமைக்கிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பித்தளை விஷயத்துக்கு வருகிறேன், நாத்தனார் பிரச்னையும் அதில்தான் இருக்கிறது. அவர் பங்கு கேட்பதைத் தப்பாக எடுக்காதீர்கள். மாமனார் தன் சம்பாத்தியத்தில் கட்டிய வீடு, உயிலும் இல்லை என்றால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மாமியார், உங்கள் கணவர், நாத்தனார் மூவருக்கும் அந்த வீட்டிலேயே சம பங்கு உண்டு. பத்திரப் பதிவுக்கு அவர் வந்து கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். வருகிற சமயம் நாலு நாள் தங்கும்படியாக வரச் சொல்லுங்கள். பரணிலிருந்து எல்லாவற்றையும் இறக்கிக் கூடத்தில் பரப்பி, நடுவில் மாமியாரை உட்கார வையுங்கள். ‘இது யாருக்கு அத்தை?’ என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். சொல்கிற பெயரைச் சாக்பீஸால் பாத்திரத்தின் அடியில் எழுதுவதும் நோட்டில் குறிப்பதும் உங்கள் வேலை. விலை பேசுவதோ, ‘இது எதற்கு அவளுக்கு’ என்று கேட்பதோ அன்றைக்கு வேண்டாம். இரண்டு பேருக்கும் ஒரே குத்துவிளக்கு வேண்டுமென்றால் அம்மா சொல்வதே முடிவு என்று உங்கள் கணவர் முன்கூட்டியே தங்கையிடம் பேசி வைக்கட்டும். அந்தப் பேச்சை நீங்கள் பேசாதீர்கள். அண்ணன் பேசினால் ஒரு மாதிரி கேட்கும், அண்ணி பேசினால் வேறு மாதிரி கேட்கும்.

அந்தக் காலத்துப் பாத்திரங்களில் பெயர் வெட்டியிருக்கும். அண்டாவின் கழுத்தை ஒட்டி, தவலையின் விளிம்புக்குக் கீழே, புள்ளி புள்ளியாக உளியால் தட்டிய எழுத்து. இனிஷியல், பெயர், சிலதில் கல்யாணத் தேதியும் இருக்கும். புளி போட்டுத் தேய்த்தால் தெளிவாகத் தெரியும். மாமியாரின் அம்மா பெயரோ, அவர் மாமியாரின் பெயரோ அதில் கிடைக்கலாம். விற்கப்போகிற பாத்திரமானாலும் அந்த எழுத்தைக் கிட்டத்தில் ஒரு போட்டோ எடுத்துவிட்டு, யார் கொடுத்தது, எந்தக் கல்யாணத்துக்கு என்று அத்தை சொல்வதைப் போனில் பதிவு செய்யுங்கள். பேரன் பேத்திக்குப் பேர் வெட்டிய ஒரு சொம்பு ஆளுக்கொன்று போதும். அண்டா புனேக்குப் போய் என்ன செய்யப் போகிறது?

மிச்சத்தை விற்பதில் தயக்கம் வேண்டாம். ஆனால் பித்தளை, செம்பு, வெண்கலம் மூன்றையும் கலந்து நிறுக்க விடாதீர்கள். மூன்றுக்கும் விலை வேறு. தனித்தனியாகக் குவித்து, இரண்டு மூன்று கடையில் கேட்டு, வீட்டுத் தராசில் ஒரு தடவை எடை போட்டுவிட்டுக் கொடுங்கள். பாத்திரங்களின் ஊரில் இருக்கிறீர்கள், விசாரிப்பது கஷ்டமில்லை. வந்த பணத்தை மாமியார் கையில் கொடுங்கள்.

ஊஞ்சல் இருக்கும் என்று நினைக்கிறேன். அந்தக் கால வீட்டில் இல்லாமல் இருக்காது. ஃபிளாட்டில் கொக்கி போடக் கான்கிரீட் கூரையைத் துளைக்க வேண்டும். அனுமதியும் தெரிந்த ஆளும் இல்லாமல் அதைச் செய்யாதீர்கள். தேக்குப் பலகையை மட்டும் கொண்டுபோய், நாலு கால் அடித்து பெஞ்சாகப் போட்டுக்கொள்ளலாம், லிஃப்ட் அளவுக்குள் அடங்கினால். பித்தளைச் சங்கிலி ஒரு பையில் அடங்கிவிடும். மாமியாருக்குப் பகலில் உட்கார அவர் இடம் என்று ஒன்று அங்கே வேண்டும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் சோபாவை விட்டுவிட்டு இந்தப் பலகையைத்தான் ஏற்றுவேன். அம்மி, ஆட்டுக்கல், உரல் வேண்டாம். வீடு வாங்குகிறவருக்கு வேண்டுமா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் பக்கத்தில் புழங்குகிறவர்களுக்குக் கொடுங்கள்.

கொலு பொம்மைகளை மாமியாரே தேர்ந்தெடுக்கட்டும். புனே போய்ச் சேர்ந்த அடுத்த மாதமே நவராத்திரி வருகிறது. மரப்பாச்சி, கலசச் சொம்பு, தசாவதார செட், அவருக்குப் பிடித்த ஒன்றிரண்டு என்று மூன்று படிக்கு மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றதை நாத்தனாருக்கும் சொந்தத்தில் புதிதாகக் கொலு வைக்கும் பெண்களுக்கும் பிரித்துக் கொடுக்கலாம். மண் பொம்மையை நேரடியாகச் செய்தித்தாளில் சுற்றாதீர்கள். மை வண்ணத்தில் ஒட்டும். முகத்துக்குப் பஞ்சு வைத்து, மெத்தென்ற பழைய வேட்டித் துணியில் சுற்றி, பொம்மைக்கும் பொம்மைக்கும் நடுவில் துணி திணித்து, பெட்டி ஆடினால் உள்ளே சத்தம் வராதபடி அடுக்க வேண்டும்.

பட்டுப் புடவைகளில் பழைய மடிப்பிலேயே ஜரிகை விட்டுப்போயிருக்கும். நல்லதை மடிப்பு மாற்றி மல் துணியில் கட்டுங்கள். கிழிந்ததில் அசல் வெள்ளி ஜரிகை இருந்தால் அதை வாங்குகிற கடைகள் உண்டு. சுவரில் மாட்டிய பழைய படங்களில் போட்டோ கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் பிய்க்கவே கூடாது. ஃபிரேமோடு வெயில் படாத வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆல்பத்துப் படங்களின் பின்னால் பென்சிலால் பெயர் எழுத, சொல்லத் தெரிந்தவர் வீட்டில் இன்னும் இருக்கிறார்.

மாமனார் வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்து பைண்டு செய்து வைத்திருந்தால், பழைய கல்யாணப் பத்திரிகைகள், நோட்டீஸ்கள் இருந்தால், எடைக்குப் போடும் முன் சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குப் போன் செய்து கேளுங்கள். நமக்குக் குப்பையாகத் தெரிவது அவர்களிடம் இல்லாத இதழாக இருக்கலாம். ஓலைச்சுவடி கிடைத்தால் எண்ணெய் பூசுவதோ பிரிப்பதோ வேண்டாம். பக்கத்திலேயே தஞ்சாவூரில் சரஸ்வதி மகால் நூலகம் இருக்கிறது, அங்கே காட்டுங்கள்.

காகிதங்களைக் கணவர் பொறுப்பில் விடுங்கள், ஒரே நாளில் முடிக்கத் துடிப்பவருக்கு அதுதான் சரியான வேலை. ஒரு தாளையும் படிக்காமல் கிழிக்கக் கூடாது. வீடு கட்டிய, பிறகு மாடி எடுத்த, தளம் மாற்றிய பில்கள் வீடு விற்ற வருமான வரிக் கணக்கு முடியும்வரை வேண்டும். 2001 ஏப்ரல் 1-க்கு முன் வந்த சொத்துக்கு அன்றைய சந்தை மதிப்பை அடக்க விலையாகக் காட்டலாம், அதற்குப் பின் வீட்டை மேம்படுத்தச் செய்த செலவும் சேரும். ஆடிட்டரிடம் அந்தக் கட்டை அப்படியே கொடுங்கள். மாமனார் பெயரில் காகிதப் பங்குப் பத்திரம் கிடைத்தால் செல்லாது என்று நினைத்துவிடாதீர்கள். 2019 ஏப்ரலிலிருந்து காகிதமாக விற்க முடியாது, ஆனால் வாரிசு பெயருக்கு மாற்றி, பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் டீமேட் கணக்கில் சேர்க்கலாம். ஏழு வருஷம் டிவிடெண்ட் வாங்காமல் அரசின் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குப் போயிருந்தாலும் கேட்டு வாங்க வழி இருக்கிறது. மறந்துபோன வங்கி டெபாசிட்டுக்கு ரிசர்வ் வங்கியின் ‘உத்கம்’ இணையதளத்தில் பெயர் போட்டுத் தேடலாம். பருப்பு டப்பாவிலும் புடவை மடிப்பிலும் நோட்டு கிடைக்கும், பாருங்கள். 2016-ல் செல்லாமல் போன 500, 1000 என்றால் பணம் போனதுதான். பத்துக்கு மேல் வைத்திருப்பதே 2017 சட்டப்படி குற்றம்.

வேலைக்கு வருகிற அம்மாவுக்கு மிஞ்சியதைக் கொடுக்காதீர்கள். கடைசி நாளில் வைக்காமல் முதலிலேயே கூப்பிட்டு, கட்டிலா, பீரோவா, கிரைண்டரா, எது வேண்டும் என்று கேளுங்கள். அதையும் மாமியார் கேட்டால் நன்றாக இருக்கும்.

லாரிக்கு, வீட்டுக்கு வந்து சாமானைப் பார்த்துவிட்டு எழுத்தில் விலை கொடுக்கிறவர்களிடம் மட்டும் பேசுங்கள். தனி லாரியா, மற்றவர் சாமானோடு சேர்த்தா என்று கேளுங்கள். சேர்த்து என்றால் நடுவழியில் இறக்கி ஏற்றுவார்கள், தேதியும் நிச்சயமில்லை. பெட்டிக்கு நம்பர் போட்டு, லிஸ்டில் இரண்டு பக்கமும் கையெழுத்து வாங்கி, வழிச் சேதத்துக்கு இன்ஷூரன்ஸ் எடுங்கள். முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள். ஆவணியில் புனேயில் மழை விட்டிருக்காது, மெத்தையையும் புத்தகத்தையும் பிளாஸ்டிக் தாளில் சுற்றச் சொல்லுங்கள். கேஸ் சிலிண்டர் லாரியில் ஏறக் கூடாது; ஏஜென்சியில் ரெகுலேட்டரோடு சரண்டர் செய்து டெபாசிட்டையும் டெர்மினேஷன் வவுச்சரையும் வாங்கிக்கொள்ளுங்கள், புனேயில் அதை வைத்து இணைப்பு வாங்கலாம். நகை, பத்திரம், மாமியாரின் மருந்து, பென்ஷன் புத்தகம், மரப்பாச்சி எல்லாம் உங்கள் கையோடு.

இன்று சாயங்காலமே உங்கள் கணவரை விட்டுத் தங்கைக்குப் போன் போடச் சொல்லுங்கள். எந்த நாலு நாள் வருகிறார் என்று தெரிந்தால்தான், பரணை என்றைக்கு இறக்குவது என்று நீங்கள் முடிவு செய்ய முடியும்.