விவாகரத்து எடுக்காமல் சட்டப்படி பிரிந்து வாழ இலங்கையில் வழி இருக்கிறதா?

கேட்ட சகோதரியின் நிலைமை எனக்கு விளங்கிய அளவில் இதுதான். பிள்ளையோடு வெள்ளவத்தையில் அம்மா வீட்டில் இருக்கிறீர்கள். கணவரோடு இனி இருக்க முடியாது. ஆனால் விவாகரத்து என்ற பேச்சையே வீட்டில் எடுக்க முடியவில்லை. இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் நொத்தாரிசிடம் போய் ஒரு பிரிவு ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்து வைக்கச் சொல்கிறார்கள்.

வழி இருக்கிறது. ஆனால் அந்த ஒப்பந்தத்தில் இப்போதைக்குக் கையெழுத்து வைக்காதீர்கள்.

அப்படியான ஒப்பந்தங்களில் அநேகமாக ஒரு வசனம் இருக்கும்: "இரு திறத்தாரும் பரஸ்பர சம்மதத்துடன் வேறு வேறாக வாழ உடன்படுகின்றனர்." வாசிக்க நாகரிகமாக இருக்கும். தாபரிப்பு, அதாவது வாழ்க்கைச் செலவுக்கான பணம், பற்றிய 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின் 2ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். கணவனும் மனைவியும் சம்மதித்துப் பிரிந்து வாழ்கிறார்கள் என்றால், துணைக்குத் தாபரிப்புக் கட்டளை போட முடியாது என்று அங்கே இருக்கிறது. நாளைக்கு உங்களுக்கு வேலை போய் நீதவான் நீதிமன்றத்தில் தாபரிப்புக் கேட்டால், எதிர்த்தரப்புச் சட்டத்தரணி முதலில் நீட்டுவது இந்த ஒப்பந்தத்தைத்தான். பிள்ளைக்கான தாபரிப்பு இதனால் போகாது, அது பிள்ளையின் உரிமை. உங்களுடையதுதான் போகும். பெரியவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை, கோர்ட் வாசல் மிதிக்கக் கூடாது என்று சொல்கிறார்கள். இழப்பு உங்களுக்கு.

சட்டப்படியான பிரிவு என்பது மாவட்ட நீதிமன்றம் தரும் தீர்ப்பாணை. குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 608ஆம் பிரிவின் கீழ் வழக்குப் போட வேண்டும். தீர்ப்பு வந்த பிறகு சேர்ந்து வாழும் கடமை இரண்டு பேருக்கும் நின்றுவிடும், திருமணம் மட்டும் அப்படியே இருக்கும். ஆகவே இரண்டு பேரில் எவரும் மறுமணம் செய்ய முடியாது. செய்தால் தண்டனைச் சட்டக்கோவையின் 362ஆ பிரிவின் கீழ் 7 வருடம் வரை சிறை கிடைக்கலாம்.

விவாகரத்தை விட இது லேசு என்று நினைத்து வருகிறவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. பொதுச் சட்டத்தில் விவாகரத்துக்கு மூன்று காரணங்கள்தான்: திருமணத்துக்குப் பிறகான பிறர்மனைத் தொடர்பு, தீயநோக்குடன் கைவிடல், திருமண நேரத்திலேயே இருந்த தீராத ஆண்மைக் குறைபாடு. கொடுமை அந்தப் பட்டியலில் தனியாக இல்லை. பிரிவு வழக்கிலோ, மற்றவரின் பிழையான நடத்தையால் சேர்ந்து வாழ்வது ஆபத்தாக அல்லது சகிக்க முடியாததாக ஆகிவிட்டது என்று காட்டினால் போதும். அடி, குடி, ஓயாத அவமானம் எல்லாம் இங்கே நேராக எடுபடும். ஆனால் மற்றவரின் பிழையை நிரூபிக்கத்தான் வேண்டும். "எங்களுக்கு ஒத்துவரவில்லை" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னால் கோர்ட் பிரிவு தராது.

அதனால் வழக்குரை, அதாவது வழக்கைத் தொடங்கக் கோர்ட்டில் கொடுக்கும் பத்திரம், எழுதும்போது "பிரதிவாதி கொடுமை செய்தார்" என்று ஒரே வரியில் விடாதீர்கள். எந்த மாதம், எந்த வீட்டில், என்ன நடந்தது, யார் பார்த்தார்கள், எந்த ஆஸ்பத்திரியில் மருந்து கட்டினீர்கள், பொலிஸ் என்ட்ரி இலக்கம் என்ன என்று ஒவ்வொன்றையும் தனித்தனிப் பந்தியாக எழுதுவியுங்கள். நான்கைந்து உறுதியான சம்பவம் போதும். கைபேசியில் வந்த செய்திகளை அழிக்க வேண்டாம். நீங்கள் வீட்டை விட்டு வந்தது ஏன் என்பதும் அதில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கைவிட்டுப் போனது நீங்கள்தான் என்று அவர் எதிர்வழக்குப் போடுவார்.

வழக்கை நீங்கள் வசிக்கும் இடத்து மாவட்ட நீதிமன்றத்தில் போடலாம். திருமணம் யாழ்ப்பாணத்தில் பதிந்திருந்தாலும் அங்கே அலையத் தேவையில்லை. விவாகச் சான்றிதழும் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழும் அத்தாட்சிப்படுத்திய பிரதியாக வேண்டும், வீட்டில் உள்ள போட்டோக்கொப்பி சரிவராது. சட்டத்தரணிக்குப் புரொக்சி (உங்களுக்காக வழக்கு நடத்த அதிகாரம் தரும் பத்திரம்) கையெழுத்து வைக்கும்போது, வழக்குரையின் கடைசியில் உள்ள கோரிக்கைகளை ஒவ்வொன்றாக வாசியுங்கள். பிள்ளையின் பராமரிப்பு, வழக்கு நடக்கும்போதான ஜீவனாம்சம், 615ஆம் பிரிவின் கீழ் மொத்தத் தொகையோ மாதக் கொடுப்பனவோ சொத்து எழுதிக்கொடுத்தலோ, வழக்குச் செலவு எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். 615 விவாகரத்துக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள், பிரிவுக்கும் அது பொருந்தும். கேட்காததைக் கோர்ட் தானாகத் தராது. பணம் கட்ட வசதியில்லாதவர்கள் புதுக்கடையில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழுவில் போய்க் கேளுங்கள்.

சொத்து விஷயத்தில் பிரிவுத் தீர்ப்பை நம்பி இருந்துவிடாதீர்கள். திருமணம் முறியாததால் அவர் இன்னும் உங்கள் கணவர்தான். மரணசாசனம் இல்லாமல் ஒருவர் இறந்தால், தேசவழமைக்கு (யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டத்துக்கு) உட்படாதவர் என்றால், 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி மற்றவருக்குப் பாதிச் சொத்து. நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு மரணசாசனம் எழுதுங்கள். சேமலாப நிதியிலும் காப்புறுதியிலும் பின்னுரித்தாளர் (நொமினி) பெயரை மாற்றுங்கள். தேசவழமைக்கு உட்பட்டவர் என்றால், சீதனக் காணியை விற்கக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அவர் தரமாட்டேன் என்றால் மாவட்ட நீதிமன்றத்திடம் அந்தச் சம்மதத்தைக் கேட்கலாம். கொழும்பிலேயே பிறந்து வளர்ந்த குடும்பத்துக்குத் தேசவழமை பொருந்துமா என்பது தனி வாதம், அதைச் சட்டத்தரணியிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள். மலையக வம்சாவளியினருக்கு அது இல்லை. முஸ்லிம்களுக்குக் காதி நீதிமன்றம், வேறு சட்டம்.

பிரிவுத் தீர்ப்புக் கிடைத்து 2 வருடம் கழிந்தால், இரண்டு பேரில் யாரும் சுருக்க நடைமுறையில் விவாகரத்துக் கேட்கலாம். இடையில் மறுபடி சேர்ந்து வாழவில்லை என்று மட்டும் காட்ட வேண்டும். இது உங்கள் கணவருக்கும் உள்ள உரிமை என்பதை அம்மாவுக்குச் சொல்லி வையுங்கள். "7 வருடம் பிரிந்திருந்தால் தானாக விவாகரத்து" என்ற கதையும் ஊரில் ஓடுகிறது. தானாக ஒன்றும் நடக்காது. 608ஆம் பிரிவில் 7 வருடப் பிரிவைப் பற்றிய உபபிரிவு நடைமுறையை மட்டுமே சொல்கிறது, பிழையை நிரூபிக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 1986இல் தென்னக்கோன் எதிர் சோமாவதி பெரேரா வழக்கில் சொல்லிவிட்டது. டொராண்டோவில் இருக்கும் மச்சாள் ஒரு வருடம் போதும் என்று சொன்னால், அது கனடாச் சட்டம்.

குடும்பத்தைப் பிரிக்க வழி காட்டுகிறேன் என்று எழுத வருகிறவர்கள் மேலே உள்ளதை இன்னொரு தடவை வாசியுங்கள். சமாதானமாகலாம் என்றால் பிரிவுத் தீர்ப்பு அதற்குக் குறுக்கே நிற்காது.

கேள்விக்கு வெளியே ஒன்று, ஆனால் சொல்லாமல் விட முடியவில்லை. கொழும்பில் பொலிஸ் என்ட்ரியைச் சிங்களத்தில் எழுதி நீட்டுகிறார்கள், நம் பெண்கள் வாசிக்காமலே கையெழுத்து வைக்கிறார்கள். "கணவர் அடித்தார்" என்று சொன்னது "வாய்த்தர்க்கம் ஏற்பட்டது" என்று பதிவாகியிருந்தால், அது தெரியவருவது வழக்கு விசாரணையில்தான், அதற்குப் பிறகு திருத்த முடியாது. தமிழில் எழுதச் சொல்லுங்கள், அல்லது வாசித்து விளக்கிய பிறகே கையெழுத்து வையுங்கள். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரைப்படி கோர்ட்டிலும் தமிழில் வழக்குரை கொடுக்கலாம், அரச செலவில் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். இதைக் கேட்பது உரிமை, தயவு இல்லை. அது தெரியாததால் எத்தனையோ நல்ல வழக்குகள் கெட்டுப்போகின்றன, எனக்கு அது ஆறாத கோபம்.

அவர் இப்போதும் வந்து மிரட்டுகிறார் என்றால் பிரிவு வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டாம். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேளுங்கள். 12 மாதம் வரை தருவார்கள். இரண்டு வழக்கும் ஒரே நேரத்தில் ஓடலாம்.